பதிமூணாம் வளைவு

சேலம் பெரியாஸ்பத்திரி, மூன்றாவது மாடி.
ஆபரேஷனுக்கு முந்தின நாள்.
பச்சைத் திரைக்கு இந்தப் பக்கமே என்னை நிறுத்தி
"நீ போயி டீ குடிச்சிட்டு வா" என்றாள் அம்மா.
கையில் ஃபைல், எக்ஸ்ரே கவர், அவளுடைய செருப்பு.
நான் போகவில்லை.
லிஃப்ட் ஓடவில்லை, வேறு காரணம் ஒன்றுமில்லை.

திரைக்குள் நர்ஸ் கேட்கிறாள்.
பேரு?
நல்லாயி.
ஊரு?
ஏற்காடு, நாகலூரு.
வயசு?
போட்டுக்கம்மா, அறுபத்தெட்டு.
பிரசவம் எத்தனை?

மூணு, என்று இங்கே நான் உதட்டுக்குள் சொன்னேன்.
ரேஷன் கார்டில் மூணு பேர்.
தீபாவளிக்கு மூணு துணி.
அவித்த முட்டையை நூல் போட்டு அறுத்தால்
மூணு துண்டு.

"அஞ்சு" என்றாள்.

"உசுரோட?"
"மூணு."
"மத்தது?"
"ஒண்ணு எட்டு மாசத்துல. காப்பிப்பழம் எடுக்கற சீசனு,
மூட்டை தூக்குனேன்.
இன்னொண்ணு முழுசா வளந்தது. பொட்டப்புள்ள.
லாரியில வெச்சுக் கீழ கொண்டாந்தாங்க,
பாதி மலையில பொறந்துருச்சு."
"எந்த இடம்?"
"பதிமூணாம் வளைவு."
"அழுதுச்சா?"
"ஒரே ஒரு தரம்."

எழுத எவ்வளவு நேரம் ஆகும்,
ஒரு கட்டத்துக்குள் ஒரு எண்.
"சுகர் இருக்கா?"
"இல்லம்மா."

எனக்கும் தங்கச்சிக்கும் ஆறு வருஷ இடைவெளி.
குடும்பக் கட்டுப்பாடு என்று நினைத்திருந்தேன்
ஏழாம் வகுப்புப் பாடத்தை வைத்து.

எத்தனை தரம் இறங்கியிருப்போம் அந்த மலையை,
பள்ளிக்கூடத்துக்கு, கல்யாணத்துக்கு, செவ்வாய்ப்பேட்டைக்கு நகை அடகு வைக்க.
பதினாலைத் தாண்டினதும் அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிடும்.
முந்தானையில் முடிந்த எலுமிச்சம்பழத்தை
மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள்.
"தலைசுத்து ஆரம்பிச்சிருச்சு டோய்" என்று கத்துவான் தம்பி.
பஸ்ஸே சிரிக்கும்.
கண்டக்டர் ஒருமுறை பிளாஸ்டிக் பையை நீட்டினார்.
ஒருநாளும் அவள் வாந்தி எடுத்ததில்லை.
அதை நாங்கள் யாரும் கவனித்ததுமில்லை.

அப்பா அந்த இடம் வந்ததும் எழுந்து
படிக்கட்டுப் பக்கம் போய் நிற்பார்.
காத்து வாங்க, என்பார்.
மார்கழிப் பனியிலும் வாங்குவார்.
எடை மேடையில் மேஸ்திரி அரைக்கிலோ அமுக்கும்போது
தலையைச் சொறிந்துகொண்டு நின்ற மனுஷன்,
அந்த வளைவில் காரை நிறுத்திக் குடித்துவிட்டு
பாட்டிலைச் சரிவில் உடைத்த ஒருவனை
ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துப் போய்ச்
சட்டையைப் பிடித்தார்.
எனக்கு அப்போது பதினாறு.
எங்கள் அப்பா இல்லை என்பதுபோல
ஜன்னல் வழியே சில்வர் ஓக் மரங்களை எண்ணினேன்.

சரிவில் எங்கே வைத்தார்கள்?
கேட்க அப்பா இல்லை.
அம்மா இருக்கிறாள், எனக்கு வாய் இல்லை.

திரை விலகியது.
"டீ குடிச்சியா?"
"குடிச்சேன்."
"எவ்வளவு?"
"பதினஞ்சு ரூவா."
"கொள்ளையடிக்கறானுங்க" என்று
செருப்பை வாங்கிக் காலில் போட்டுக்கொண்டாள்.

பதினோராம் நாள் தையல் பிரித்து
மலைக்குத் திரும்பினோம்.
அடிவாரத்தில் குரங்குகள், பலாச்சுளை, டிக்கெட்.
தங்கச்சிக்குப் போன் போட்டு
சாம்பார்ப் பொடி அரைக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்,
சிக்னல் போகும்வரை.
வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகை.
பன்னிரண்டு தாண்டியபோது
நான் சீட்டில் இல்லை.
எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை,
படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து நிற்கிறேன்.
"உள்ள வாங்க சார், விழுந்துடப் போறீங்க" என்கிறார் கண்டக்டர்.
திரும்பினால்
அம்மா இந்த முறை கண்ணை மூடவில்லை.
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
என்ன பார்த்தாளோ.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
நாலு சீட்டுக் கைகள் வழியாக
அந்த எலுமிச்சம்பழத்தை எனக்கு அனுப்பினாள்.
"மோந்துக்க" என்றாள். "தலை சுத்தும்."